பெரியம்மா விலைபேசிய செம்மறி

உங்களில் யாருக்காவது அந்த இலையுதிர்காலம் என்னைவிட நன்றாக நினைவிருந்தால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். நாங்கள் எல்லோரும் ஒரே வயதுக்காரர். ஒரே குளிரில், ஒரே மாதிரி மெல்லிய சப்பாத்தோடு மொன்றியலில் வந்து இறங்கியவர்கள். இப்போது ஒரே நிறத்து மாத்திரையை விழுங்குகிறவர்கள். ஒருவரையொருவர் திருத்தத் தொடங்கினால் எங்களுக்குள் ஒரு கதையும் முடியாது.

போன மாதம் புரோசார்டில் நடந்த பிறந்தநாள் விழாவுக்கு உங்களில் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். "அண்ணை, ரெண்டு வார்த்தை கதையுங்கோ" என்று ஒரு பொடியன் ஒலிவாங்கியை என் கையில் திணித்தான். நான் 'ஒரு நிமிஷம்' என்று விரலைக் காட்டிவிட்டு வெளியே நடந்து, என் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். ஒலிவாங்கி கையிலேயே இருந்திருக்கிறது. நான் மூச்சு வாங்கியதும், "மாதாவே, மாதாவே" என்றதும் மண்டபம் முழுக்கக் கேட்டதாம். நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

இவன் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்று அன்று முடிவுகட்டியிருப்பீர்கள். அதில் பிழை இல்லை. ஆனால் பத்து வயதில், மண்டபம் நிறைந்த ஸ்கொட்லாந்துக்காரருக்கு முன்னால் நின்று, நான் ஒரு செம்மறி ஆட்டை விற்றிருக்கிறேன். நல்ல விலைக்கு. அந்தக் கதை இது.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் நாங்கள் இருந்தது பெரியம்மாவின் வீடு. அம்மாவின் தமக்கை. எங்களைக் கூப்பிட்டு எடுத்தவர் அவர், வீடு அவருடையது, ஆகவே வீட்டுச் சட்டமும் அவருடையது. அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவுதான். பிள்ளைகள் செய்கிற காரியம் படிப்புக்கு உதவ வேண்டும், அல்லது ஆன்மாவுக்கு உதவ வேண்டும். ஐஸ் ஹொக்கி இரண்டுக்கும் உதவாது, பல்லும் போகும் என்று முதல் மாதத்திலேயே தள்ளுபடியானது. சைக்கிள், அடுத்த வீட்டுப் பொடியனின் மேளம், கோடைகால முகாம் எல்லாம் அதே வழியில் போயின.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. எனக்கு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும் தெரியும். ஒருவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதற்கு அவை போதாது. ஆகவே பேசாமல் இருந்தேன். மிகவும் அடக்கமான பிள்ளை என்று ஆசிரியை அப்பாவிடம் புகழ்ந்தார். அப்பாவும் பெருமையோடு தலையாட்டிவிட்டு வந்தார். காலை எட்டு மணியிலிருந்து மூன்று மணிவரை என் தொண்டைக்குள் ஒரு மூடி இறுகிக் கிடந்தது என்பதை அந்த இரண்டு பெரிய மனிதர்களும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த மூடி கழன்றது ஒரு நிலக்கீழ் அறையில். எங்கள் தெருமுனையிலிருந்த சமூக மண்டபத்தில் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு; ஆங்கிலத்தில்; இலவசம். இலவச ஆங்கிலம் படிப்புக் கணக்கில் சேரும் என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னதால் அக்காவும் நானும் போனோம். நடத்தியவர் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஒரு மனிதர். கிழமை நாட்களில் பழைய வான் ஒன்றில் வீடு வீடாகப் போய்ச் சூடேற்றிகளைத் திருத்துவார். சிவந்த தாடி, அதில் எப்போதும் பெப்பர்மின்ட் வாசமும் இயந்திர எண்ணெய் வாசமும் சேர்ந்து இருக்கும். அந்த அறை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது: தரைக்குப் பூசிய மெழுகு, குழாய்ச் சூட்டில் காயப்போட்ட ஈரக் கம்பளிக் கையுறைகள், யாரோ மறந்துவிட்டுப் போன தோடம்பழம்.

அந்தப் பாட்டு வாத்தியாருக்குக் கடதாசி பிடிக்காது. பாட்டைக் காதால் வாங்க வேண்டும், வாயால் கொடுக்க வேண்டும், நடுவில் கடதாசிக்கு என்ன வேலை என்பார். முதல் நாள் ஒவ்வொருவராகப் பாடச் சொன்னார். என் முறை வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். அறையின் மறுமூலையில் இருந்த அலுமினியக் கதிரை ஒன்று அதிர்ந்தது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு இரவும் பெரியம்மா முன்செபம் சொல்ல, நாங்கள் செபமாலைக்குப் பதில் சொல்லுகிற வீடு அது. பதில் சத்தம் குறைந்தால் அந்த மணி மறுபடி தொடங்கும். அப்படி வளர்ந்த தொண்டை.

"இது எங்கிருந்து வருகிறது?" என்று வாத்தியார் என் வயிற்றைச் சுட்டிக் கேட்டார். மற்றப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் வீட்டுக்கு ஓடியே வந்தேன். இந்த நாட்டில் நான் வாயைத் திறந்து, அதிலிருந்து சரியான ஒன்று வெளியே வந்தது அன்றுதான் முதல் தரம்.

அடுத்த சனிக்கிழமை அவர் அந்தச் சந்தைப் பாட்டைக் கொண்டுவந்தார். அவருடைய ஊர்ப்பக்கத்தில் ஒரு குன்றின் அடிவாரத்தில் வருடத்துக்கு ஒருமுறை கூடும் ஆடு, குதிரைச் சந்தையைப் பற்றியது. சந்தைக்குப் பல நூறு வயது; பாட்டுக்கு அவ்வளவு இல்லை. "எழுதினவர் உயிரோடு இருக்கிறார். பாட்டு என் வானைவிட இளசு" என்றார். அந்த வானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பெரிய இளமை இல்லை. சந்தையின் பெயர் தொண்டையில் சளி கட்டியவன் காறுவது போல ஒலிக்கும். எங்களில் ஒருவருக்கும் அது வரவில்லை.

பாட்டு விடியற்காலைப் பனியில் தொடங்கும். மந்தைகளும் நாய்களும் குன்றிலிருந்து இறங்கும். பிறகு ஒரு குதிரை வியாபாரி, கிழட்டுக் குதிரையின் நரைமயிருக்குச் சப்பாத்து மை பூசிக்கொண்டிருப்பான். அடுத்தது விஸ்கிக் கூடாரம். காலையில் தன் குதிரையை விற்ற ஒருவன் மாலையில் குடிவெறியில் அதே குதிரையை இரண்டு மடங்கு விலைக்குத் திரும்ப வாங்குவான். அதற்கும் அடுத்ததில் வாத்து விற்க வந்த ஒரு பெண்ணும் குழல் ஊதுகிறவனும் பட்டிக்குப் பின்னால் போவார்கள். அங்கே என்ன நடந்தது என்று பாட்டு சொல்லாது. மெட்டு மட்டும் கொஞ்சம் மெதுவாகும்.

கடைசியில் ஒரு வியாபாரி தன் கிழட்டுச் செம்மறியோடு தனியே நிற்பான். அதுதான் தனிக்குரல். அது எனக்கு. "யார் வாங்குவார், யார் வாங்குவார், பொழுது சாய முன்னம் கையில் அடி" என்று பாடி, வலது உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சபையிலிருந்து யாராவது விலை கேட்பார்கள். நான் போதாது என்று தலையாட்ட வேண்டும். கடைசியில் ஒருவர் வந்து என் உள்ளங்கையில் ஓங்கி அடித்தால் வியாபாரம் முடிந்தது. உடனே எல்லோருமாகக் கடைசிப் பல்லவி.

"ஒருத்தரும் வாங்காவிட்டால்?" என்று நான் கேட்டேன். கேட்கவேண்டிய கேள்வியை அப்போதே கேட்டிருக்கிறேன், கவனியுங்கள்.

"வாங்கும்வரை திரும்பத் திரும்பப் பாடவேண்டியதுதான். விற்காமல் இந்தப் பாட்டு முடியாது. ஆனால் நீ பயப்படாதே, வாங்குவதற்கு ஆள் வைத்திருக்கிறேன்."

ஸ்கொட்லாந்துக்காரருடைய சங்கம் நவம்பர் கடைசியில் தங்கள் பாதுகாவல் புனிதரான அந்திரேயாரின் திருநாளைக் கொண்டாடும். அங்கேதான் நாங்கள் பாடுவதாக ஏற்பாடு. அதற்கு அச்சடித்த அறிவித்தல் ஒன்று வீட்டுக்கு வந்தது. மேலே அர்ச்சிஷ்டவரின் பெயர், நடுவில் அவருடைய சரிந்த சிலுவை, கீழே ஒரு செம்மறி. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை ஒருமுறை பார்த்தார். ஒருமுறை போதுமாக இருந்தது.

சமையலறையில் மீன் வெட்டியபடி என்னை விசாரித்தார்.

"பாட்டிலை ஆடு வருதோ?"

"வருது பெரியம்மா."

"ஆயன்?"

"அவரும் வாறார்."

"ஆட்டைத் தேடிப் போறாரோ?"

"இல்லை... விக்கிறார்."

கத்தி நின்றது. "விக்கிறாரோ?"

"ஓம்."

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். முகம் மெல்லக் கனிந்தது. "யூதாஸ் வித்தமாதிரி. முதல் ஆண்டவர்ர பாடுகள், பேந்து உயிர்ப்பு. வடிவான பாட்டு."

அக்கா குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு குலுங்கினாள். பிறகு என்னைப் படிக்கட்டுக்குக் கீழே இழுத்துப்போய், "எடேய், உன்ர பாட்டிலை உயிர்த்தெழும்புறது அந்த வெறிக்குட்டி மட்டும்தான்" என்றாள்.

நான் திருத்த முயலவில்லை என்று சொல்லாதீர்கள். அன்றிரவே போய், "பெரியம்மா, அது சாமிப் பாட்டு இல்லை, சும்மா சந்தைப் பாட்டு" என்றேன். "பார், என்ன தாழ்ச்சியாக் கதைக்கிறான்" என்று அம்மாவிடம் சொல்லி என் நெற்றியில் சிலுவை போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அறிவித்தல் எங்கள் பங்குக் கோயில் ஃபாதரின் கைக்குப் போனது. ஆடும் சிலுவையும் ஒரே தாளில் இருந்தால் ஒரு குருவானவர் வேறு என்ன சொல்வார்? "நல்ல ஆயன் பாட்டாத்தான் இருக்கும்" என்றார். அதோடு அது பங்கின் பாட்டாகிவிட்டது. என் தொண்டைக்காக ஒன்பது நாள் செபமான நவநாள் தொடங்கினார்கள். மல்லிக் கோப்பி, மிளகுத்தண்ணி, நெஞ்சில் தைலம். பள்ளிக்கூடத்தில் ஊமையாகவும் தைல வாசத்தோடும் இருந்த ஒரே பிள்ளை நான்.

எனக்கு எதற்கு அவ்வளவு பயம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அப்பா மெதுவாக, "சனிக்கிழமையிலை கணக்கு ரியூசன் ஒண்டு இருக்காம், நல்ல வாத்தியாராம்" என்று தொடங்கினார். பெரியம்மா கையை உயர்த்தினார். "சாமிப் பாட்டெண்டபடியால் விடுறன். இல்லாட்டி உவன் கணக்குக்குத்தான் போகவேணும்."

அவ்வளவுதான். விஸ்கிக் கூடாரம் வெளியே தெரிந்த கணத்தில் என் சனிக்கிழமை முடிந்தது. மூடி மறுபடி தொண்டைக்குள் போய்விடும். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அது ஒரு ஆறுதல். ஆனால் ஃபாதருக்கு நன்றாகத் தெரியும். அவர் முன்வரிசையில் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் பெரியம்மா இருப்பார்.

விழா நடந்த சனிக்கிழமை பங்கின் வானை அப்பா ஓட்டினார். உள்ளே ஃபாதர், பெரியம்மா, அம்மா, அக்கா, செபக்குழுப் பெண்கள், கம்பளிச் சால்வைகள், தைல வாசம், வழிநெடுகச் செபமாலை. பத்துப் பத்து மணியாகச் சொல்லுகிற ஐந்து காரணிக்கமும் முடிவதற்கு முன்னமே மண்டபம் வந்துவிட்டதால், மிச்சத்தை வண்டி நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னார்கள். எனக்கு அது இறுதிச் சடங்குபோல இருந்தது.

மண்டபத்து வாசலில் கட்டம்போட்ட பாவாடை கட்டிய மூன்று முதியவர்கள் எங்களை வரவேற்றார்கள்.

"பூசைக்கு உதவுற ஆக்கள்" என்று பெரியம்மா மற்றப் பெண்களுக்கு விளக்கினார். சுவரோரம் மேசையில் போத்தல்கள் நின்றன. "பூசைக்குத் திராட்சை இரசமும் வைச்சிருக்கினம்."

ஃபாதர் போத்தல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கழிப்பறைக்குப் போனேன்.

அங்கே கை காயவைக்கும் இயந்திரம் ஒன்று சுவரில் இருந்தது. என் மூளை அப்படித்தான் வேலை செய்யும்: நெற்றியை அதற்குக் கீழே பிடித்தால் சூடேறும், சூடேறினால் காய்ச்சல், காய்ச்சல் என்றால் பாடத் தேவையில்லை. நெற்றி கொதிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் கதவு திறந்தது. வாத்தியாரும் பாவாடையில் நின்றார்.

"தலைமயிர் நன்றாகக் காய்ந்துவிட்டதா?" என்றார். "அப்படியானால் வா."

மேடையில் செம்மறி தயாராக நின்றது. மரம் அறுக்கிற தாங்கி ஒன்றுக்குமேல் குளியலறை வெள்ளை விரிப்பைப் போர்த்து, பழைய காலுறையில் தலை செய்து, கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பொத்தான். பிள்ளைகள் எல்லோருக்கும் அதன்மேல் பாசம். அந்த விரிப்பு பிறகு எங்கே போனதோ தெரியாது. போன வருடம்கூட ஒரு கடையில் அதேபோல ஒன்றைப் பார்த்து, தேவையில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாத்தியார் அக்கோடியனை இழுத்தார். பாட்டு தொடங்கியது. பனி, மந்தை, நாய்கள். பெரியம்மா கைகளைக் குவித்துக்கொண்டு கேட்டார். சப்பாத்து மை. ஃபாதரின் தலை கொஞ்சம் சரிந்தது. விஸ்கிக் கூடாரம். ஃபாதர் கைலேஞ்சியை எடுத்து முகத்தைப் பொத்தினார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். ஒரு குருவானவரை அழவைத்த பத்து வயதுக்காரனுக்கு என்ன பெயர் என்று யோசித்தேன். வாத்துக்காரப் பெண் பட்டிக்குப் பின்னால் போனபோது ஃபாதர் குனிந்தே விட்டார். மேடையின் பின்வரிசையில் அக்கா சாவகாசமாகப் பாடிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

என் முறை வந்தது. வாயைத் திறந்தேன், குரல் வந்தது. முழுதாக, உருண்டையாக வந்து மண்டபத்தின் பின்சுவரில் அடித்துத் திரும்பியது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். யார் வாங்குவார், யார் வாங்குவார், பொழுது சாய முன்னம் கையில் அடி. உள்ளங்கையை நீட்டினேன்.

ஒருவரும் விலை கேட்கவில்லை.

வாங்குவதற்கு வாத்தியார் ஏற்பாடு செய்திருந்தவர் பெரிய மீசை வைத்த ஒரு முதியவர். இரண்டாம் வரிசையில், மதியச் சாப்பாடும் போத்தலும் சேர்ந்த நிம்மதியில், நாடி நெஞ்சில் பட நித்திரை கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோருக்கும் அவர்தான் கேட்பார் என்று தெரியும். அது உண்மையான சந்தையாக இருந்திருந்தால் இருபது பேர் கத்தியிருப்பார்கள். இது கனடா. ஒருவரும் வரிசையைக் குழப்ப விரும்பவில்லை.

வாத்தியார் என்னைப் பார்த்து, திரும்பவும் என்று தலையாட்டினார். திரும்பவும் பாடினேன். கையை நீட்டினேன். குறட்டை ஒன்று கேட்டது. மூன்றாம் முறை பாடினேன். கை நீட்டியபடியே இருந்தது, அது நடுங்குவது கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும். இந்தப் பாட்டு முடியாது, நான் இந்த விரிப்போடு இங்கேயே நின்று கிழவனாகி, இதே மேடையில் எனக்கு ஓய்வூதியம் வரும் என்று நினைத்தேன்.

"என்ன சனமடா இது! சந்தைக்கு வந்திட்டு வாங்காமல் இருக்குதுகள்!"

தமிழ். முன்வரிசை. பெரியம்மா எழுந்து நின்றார்.

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் ஒருவன் ஆட்டை வைத்துக்கொண்டு கை நீட்டியபடி நிற்கிறான், ஒருவரும் வாங்கவில்லை. அதற்கு மொழி தேவையில்லை. அம்மா அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "அக்கா, இருங்கோ, சனம் பாக்குது." பெரியம்மா தலைப்பை உருவிக்கொண்டு மேடைப் படியில் ஏறினார்.

வாத்தியார் அக்கோடியனைத் தாழ்த்தி, ஒரே சுரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டைக் காட்டு" என்றார் பெரியம்மா.

நான் விரிப்பைக் காட்டினேன். பெரியம்மா அதைச் சுற்றி நடந்தார். முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தை விரலால் அழுத்தினார். விலாவைத் தட்டினார். பின்பக்கம் போய் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். சபையில் யாரோ ஒரு முதியவர் சத்தமாகச் சிரித்தார். அது சரியான இடத்தில் வந்த சிரிப்பு. பெரியம்மா காலுறைத் தலையைத் திருப்பினார். வாய் இல்லை.

"உதுக்குப் பல்லில்லை. அப்ப விக்கிறவன்ர பல்லைப் பாப்பம். ஆவெண்டு."

என் நாடியைப் பிடித்து வாயைத் திறந்தார். கடைவாயில் விழுந்த பல்லின் ஓட்டையில் விரலை வைத்து, சபையைத் திரும்பிப் பார்த்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மண்டபம் வெடித்தது. ஸ்கொட்லாந்துக்காரர் மேசையில் அடித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் ஏன் தேவை?

பிறகு அவர் செய்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. தோளிலிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து, நீட்டியிருந்த என் கைமேல் போர்த்தார். தன் கையை அதற்குக் கீழே விட்டு என் விரல்களைப் பிடித்தார். பிடித்து, அழுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

சிரிப்பு தானாக நின்றது. முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர், சின்ன வயதில் மாட்டுப்பட்டியில் வளர்ந்தவராக இருக்க வேண்டும், பின்னாலிருந்தவர்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். விலை பேசுகிறார்கள், சத்தம் போடாதீர்கள்.

பெரியம்மா என் இரண்டு விரலை அழுத்தினார். என் கை நடுங்கியது. அவருடைய புருவம் உயர்ந்தது. மூன்று விரலை அழுத்தினார். கை இன்னும் மோசமாக நடுங்கி, அவர் பிடியிலிருந்து உதறிக்கொண்டது. "ஓகோ" என்றார். நான்கு. உதறல். அவர் மூக்கு விடைத்தது. கோபம் வருகிறது என்று தெரிந்து எனக்கு இன்னும் நடுக்கம். முழுக் கையையும் பிடித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, அது அசல் பயம்தான், வேறொன்றும் இல்லை. பெரியம்மா ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

"சரி" என்றார். "கொள்ளைக்காரன்."

வாத்தியார் ஒரு கையை விடுவித்து, காற்றில் அடித்துக் காட்டினார். பெரியம்மா சால்வையை உருவி எறிந்துவிட்டு என் உள்ளங்கையில் ஓங்கி ஒன்று விட்டார். அது வெடிபோலக் கேட்டது. அதில் மீசைக்காரர் திடுக்கிட்டு எழும்பி, தனக்குச் சொல்லிக்கொடுத்த விலையை முழுச் சத்தத்தில் கத்தினார். மண்டபம் முழுவதும் ஒரே குரலில் அவரைப் பார்த்து, விற்றாயிற்று, விற்றாயிற்று என்று கத்தியது.

கடைசிப் பல்லவியை நாங்கள் பாடவே இல்லை. மண்டபம் பாடியது. பாவாடை கட்டியவர்கள், சமையலறையில் இருந்தவர்கள், எங்கள் செபக்குழு, எல்லோரும். ஃபாதர் முகத்திலிருந்து கைலேஞ்சியை எடுத்தபோது அவர் அழவே இல்லை என்று தெரிந்தது. சிரித்துச் சிரித்துக் கண் சிவந்திருந்தது. பெரியம்மா வாங்கிய ஆட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேடையிலேயே நின்றார். இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

திரும்பும் வழியில் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. அம்மா முகத்தைப் பொத்தியபடி இருந்தார். காரணம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் அப்பா மன்னாரில் கோயில் உபதேசியாராக இருந்தவர் என்றுதான் பெரியம்மாவும் அம்மாவும் கனடாவில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். ஆட்டுத் தரகரின் மகள்கள் என்று தெரிந்தால் இங்கே மதிப்பிருக்காது என்று இருவரும் பயந்திருக்கிறார்கள். இப்போது, துணிக்குள் விரலால் விலைபேசுகிற தரகர் வழக்கப்படி சால்வைக்குள் போன கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பின்னாலிருந்த ஒரு மன்னார்ப் பெண் முன்னால் குனிந்து அம்மாவின் தோளைத் தட்டினார்.

"ஏன் பிள்ளை முகத்தைப் பொத்துறாய்? எங்களுக்கு எப்பவோ தெரியுமே. எங்கட வீட்டு ஆடெல்லாம் உங்கட அப்புவிட்டைத்தானே வித்தது. நேர்மையான மனுசன்."

அம்மா கையை எடுத்தார். பெரியம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்; ஆனால் அவருடைய முதுகு நிமிர்ந்ததை நான் கண்டேன்.

ஃபாதர் தொண்டையைச் செருமினார். "அக்கா, அது நல்ல ஆயன் பாட்டில்லைப் போல கிடக்கு."

வான் கதவைத் திறந்து குதிக்கலாமா என்று பார்த்தேன். கதவு பழுது.

"தெரியும் ஃபாதர்" என்றார் பெரியம்மா. "நல்ல ஆயன் ஆடு விக்கமாட்டார்."

"சாராயமும் வருது பாருங்கோ..."

"சந்தையெண்டால் வரும்தானே. வராட்டி அது சந்தையில்லை, கல்யாணப் பேச்சு."

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் சட்டத்தை நினைவூட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை. "அப்ப, அடுத்த சனிக்கிழமை கணக்கு ரியூசன்?"

வான் முழுவதும் பெரியம்மாவைப் பார்த்தது. துடைப்பான் கண்ணாடியில் இருந்த பனியை இழுத்துத் தள்ளியது.

"கணக்கோ?" என்றார் பெரியம்மா. "உவனுக்கோ கணக்குப் படிப்பிக்கப் போறியள்? ரெண்டு விரலிலை தொடங்கினன் நான். உதறினான். மூண்டுக்கு உதறினான். நாலுக்கு உதறினான். முழுக் கையும் குடுத்தும் முகத்தைப் பாவம்போல வைச்சுக்கொண்டு நிண்டான். எங்கட அப்பு முப்பது வருசம் சந்தையிலை நிண்டவர். அவரிட்டைகூட ஒருத்தரும் இப்பிடி விலை கூட்டினதில்லை." அவர் திரும்பி, நடுங்கிக்கொண்டே இருந்த என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். "ஒரு பயமும் இல்லை உவனுக்கு. பாட்டுக்குப் போகட்டும்."

அக்கா இருமினாள். நான் அவளுடைய காலை மிதித்தேன். அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு நம்பிக்கையோடு ஒருவர் சொல்லும்போது இடையில் புகுந்து திருத்துவதற்கு நான் என்ன மடையனா?

"எங்கை, உந்தக் கடைசித் துண்டை இன்னொருக்காப் பாடு" என்றார் பெரியம்மா. "நாங்கள் பதில் சொல்லுறம்."

பாடினேன். யார் வாங்குவார் என்று நான் கேட்க, செபமாலைக்குப் பதில் சொல்லுகிற அதே இழுவையில், ஒரு சொல்லும் விளங்காமல், வான் நிறைந்த பெண்கள் பதில் சொன்னார்கள். ஃபாதர் கட்டைக் குரலில் சேர்ந்துகொண்டார். எங்கள் மூச்சில் யன்னல் கண்ணாடிகள் புகார் பிடித்து மங்கின. எங்கள் தெருவுக்குத் திரும்பும் சந்தி வந்தது, போனது. அப்பா அதைக் கண்டார், நானும் கண்டேன். அவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, நேரே ஓட்டிக்கொண்டு போனார்.